வெளிநாட்டு உதவியும் வறுமை ஒழிப்பும்: கணக்கு யாருக்குக் காட்டப்படுகிறது?

"எழுபது ஆண்டுகளாகப் பணக்கார நாடுகள் ஏழை நாடுகளுக்கு உதவி அனுப்புகின்றன. ஏழை நாடுகளும் வறுமைக் குறைப்புக்கென்று தேசியத் திட்டங்களை எழுதிக்கொண்டே இருக்கின்றன. இருந்தும் வறுமை ஏன் ஒழியவில்லை? இந்த உதவியால் பலன் உண்டா, இல்லை வீண்தானா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

பொருளாதார அறிஞர்களே இதில் இரண்டு அணியாக நிற்கிறார்கள். ஏழ்மையே மேலும் ஏழ்மையில் அழுத்தும் 'வறுமைப் பொறி'யிலிருந்து வெளியே வர முதலில் பெருந்தொகை தேவை, கொடுக்கும் தொகை போதவில்லை என்பது ஜெஃப்ரி சாக்ஸின் வாதம். மேலிருந்து வகுக்கும் பெரிய திட்டங்கள் தோற்றே தீரும், ஏனென்றால் அவற்றை வகுப்பவர்கள் ஏழைகளுக்குப் பதில் சொல்லவேண்டிய இடத்தில் இல்லை என்பது வில்லியம் ஈஸ்டர்லியின் வாதம். இருவருக்கும் ஆதாரம் உண்டு. நாடு நாடாக எடுத்துப் பார்த்தபின் எனக்குப் பட்டது இதுதான்: எவ்வளவு பணம் வந்தது என்பதைவிட, அந்தப் பணத்துக்கு அரசாங்கம் யாரிடம் கணக்குக் காட்டியது என்பது முக்கியம். கொடுத்தவரிடம் மட்டும் கணக்குக் காட்டிய இடங்களில் கட்டடங்கள் எழுந்தன, அறிக்கைகள் குவிந்தன. சொந்த மக்களிடமும் காட்டியாக வேண்டும் என்று ஆன இடங்களில் வேறு விதமாக நடந்தது. எப்படி என்று விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் தொகையின் அளவைப் புரிந்துகொள்வோம். 2023-ல் கொடையாளர் நாடுகள் கொடுத்த அரசுமுறை வளர்ச்சி உதவி ஏறத்தாழ 22,300 கோடி அமெரிக்க டாலர். பெரிய தொகைதான். ஆனால் தேசிய வருமானத்தில் 0.7 சதவீதத்தை உதவியாகக் கொடுக்க வேண்டும் என்று ஐ.நா. பொதுச்சபை 1970-லேயே இலக்கு வைத்தது. 2023-ல் அதை எட்டியவை நார்வே, லக்சம்பர்க், ஸ்வீடன், ஜெர்மனி, டென்மார்க் என்ற ஐந்து நாடுகள் மட்டுமே. மொத்தச் சராசரி அதில் பாதியை ஒட்டித்தான் இருந்தது. அந்தத் தொகையும் முழுதாக ஏழை நாட்டுக்குப் போய்ச் சேர்வதில்லை. தங்கள் நாட்டுக்குள் வந்த அகதிகளுக்கு முதலாண்டில் செய்யும் செலவையும் உதவிக் கணக்கில் எழுதிக்கொள்ள விதி இடம் தருகிறது. 2022, 2023 ஆண்டுகளில் ஏழில் ஒரு பங்கு இப்படிக் கொடுத்த நாட்டிலேயே செலவானது. ஆலோசகர் சம்பளம், கொடுத்த நாட்டிலேயே வாங்கியாக வேண்டும் என்ற நிபந்தனையுள்ள கொள்முதல் எல்லாம் இதற்கு மேல். அதே 2023-ல், வெளிநாட்டில் வேலை செய்பவர்கள் வளரும் நாடுகளில் உள்ள தங்கள் குடும்பங்களுக்கு அனுப்பிய பணம் சுமார் 65,000 கோடி டாலர். உதவியைப்போல் மூன்று மடங்கு.

இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். உலகின் மிகப் பெரிய வறுமைக் குறைப்பு சீனாவில் நடந்தது. நாற்பது ஆண்டுகளில் சுமார் 80 கோடிப் பேர் கடும் வறுமையிலிருந்து மீண்டார்கள். அதில் வெளிநாட்டு உதவியின் பங்கு மிகச் சிறியது. வியட்நாமில் 1993-ல் 58 சதவீதமாக இருந்த வறுமை 2002-ல் 29 சதவீதமாக இறங்கியது. 1986-ல் தொடங்கிய 'தோய் மோய்' சீர்திருத்தத்தில் நிலம் உழவர் குடும்பங்களின் கைக்கு வந்ததும், நெல்லையும் காப்பியையும் அவர்கள் சந்தையில் விற்க முடிந்ததும்தான் முக்கியக் காரணம். உதவி அதற்குத் துணை நின்றது, அவ்வளவுதான்.

அப்படியானால் உதவியே வேண்டாமா என்றால், அப்படியும் சொல்ல முடியாது. பெரியம்மை ஒழிந்துவிட்டதாக உலகச் சுகாதார அமைப்பு 1980-ல் அறிவித்தது பன்னாட்டு ஒத்துழைப்பால்தான். 2000-ல் தொடங்கிய 'கவி' தடுப்பூசிக் கூட்டணியும், 2002-ல் தொடங்கிய எய்ட்ஸ், காசநோய், மலேரியாவுக்கான உலக நிதியமும், 2003-ல் அமெரிக்கா தொடங்கிய எச்.ஐ.வி. திட்டமும் காப்பாற்றிய உயிர்கள் கோடிக்கணக்கில். செய்யவேண்டிய வேலை தெளிவாக இருந்து, தடுப்பூசி போட்டாயிற்றா, மாத்திரை சேர்ந்ததா என்று எண்ணிப் பார்க்க முடிந்தால் வெளிப்பணம் நன்றாகவே வேலை செய்கிறது. வறுமையை அப்படி எண்ணிவிட முடியாது. அதில் நிலம், கூலி, விலைவாசி, பள்ளி, சாலை, வரி, யாருக்கு அதிகாரம் என்பதெல்லாம் பின்னிக் கிடக்கின்றன. அதனால்தான் 'தேசிய உத்தி' என்ற ஒன்று தேவைப்படுகிறது. அந்த உத்தியை யார் எழுதுவது என்பதில்தான் சிக்கல் ஆரம்பித்தது.

1980-களில் அதை எழுதியது பெரும்பாலும் வாஷிங்டன். எண்ணெய் விலை ஏற்றம், வட்டி உயர்வு, ஏற்றுமதிப் பொருள்களின் விலைச் சரிவு எல்லாம் சேர்ந்து ஆப்பிரிக்க, லத்தீன் அமெரிக்க நாடுகளைக் கடனில் தள்ளின. வாஷிங்டனில் தலைமையகம் கொண்ட பன்னாட்டு நாணய நிதியமும் உலக வங்கியும் புதிய கடன் கொடுத்தன, 'கட்டமைப்புச் சீரமைப்பு' என்ற பெயரில் நிபந்தனைகளோடு. மானியத்தைக் குறை, அரசு ஊழியர் எண்ணிக்கையைக் குறை, நாணய மதிப்பை இறக்கு, இறக்குமதித் தடைகளை நீக்கு என்பவை அந்த நிபந்தனைகள். பள்ளியிலும் மருத்துவமனையிலும் கட்டணம் வசூலிக்கும் வழக்கம் பல நாடுகளில் இந்தக் காலத்தில்தான் வேரூன்றியது. சில நிபந்தனைகள் தேவைப்பட்டவைதான். கறுப்புச் சந்தையில் ஒரு விலை, அரசு வங்கியில் ஒரு விலை என்று டாலர் விற்ற நாடுகளில் நாணயச் சீர்திருத்தம் நல்லதே செய்தது. ஆனால் தவறான ஆலோசனைக்கு விலை கொடுத்தவர்கள் ஆலோசனை சொன்னவர்கள் அல்ல.

மொசாம்பிக்கின் முந்திரி இதற்கு உதாரணம். 1990-களின் நடுவில், பதப்படுத்தாத முந்திரிக்கொட்டையின் ஏற்றுமதி மீது இருந்த கட்டுப்பாடுகளைத் தளர்த்த வேண்டும் என்று உலக வங்கி வற்புறுத்தியது. விவசாயிக்கு நல்ல விலை கிடைக்கும் என்பது கணக்கு. கொட்டை கப்பலேறிப் போனது, உள்நாட்டு உடைப்பு ஆலைகள் மூடப்பட்டன, ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் வேலையிழந்தார்கள். அவர்களில் பெண்கள் ஏராளம். விவசாயிக்குக் கிடைத்த கூடுதல் வருமானமோ சொற்பம். ஹைட்டியில் அரிசி மீதான இறக்குமதி வரி 1990-களின் நடுவில் 3 சதவீதத்துக்கு இறக்கப்பட்டது. மானியம் பெற்ற அமெரிக்க அரிசி சந்தையை நிரப்ப, உள்ளூர் நெல் விவசாயம் நொறுங்கியது. அப்போது அமெரிக்க அதிபராக இருந்த பில் கிளிண்டன், அது தவறு என்று 2010-ல் அமெரிக்க செனட் குழு முன்பு வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். அவர் ஒப்புக்கொண்டது பெரிய விஷயம்தான். ஆனால் அதற்குள் பதினைந்து ஆண்டுகள் ஓடிவிட்டன, நிலத்தை விட்டுத் தலைநகரின் நெரிசலுக்குள் போனவர்கள் போனவர்கள்தான்.

இந்த அனுபவத்துக்குப் பிறகு 1999-ல் ஒரு திருப்பம் வந்தது. கடன் சுமை மிகுந்த ஏழை நாடுகளுக்கான தள்ளுபடித் திட்டம் 1996-லேயே தொடங்கியிருந்தது. கடனைத் தள்ளுபடி செய்யச் சொல்லி உலகெங்கும் தேவாலயங்களும் மக்கள் அமைப்புகளும் நடத்திய இயக்கத்தின் அழுத்தத்தில் அது விரிவாக்கப்பட்டது. அதோடு ஒரு புது நிபந்தனையும் வந்தது: தள்ளுபடி வேண்டுமானால், நாடு தன் மக்களைக் கலந்தாலோசித்து 'வறுமைக் குறைப்பு வியூக அறிக்கை' ஒன்றைத் தானே எழுத வேண்டும். தள்ளுபடியில் மிஞ்சும் பணம் அந்த அறிக்கை சொல்லும் வேலைகளுக்குப் போக வேண்டும். இன்றுவரை 37 நாடுகள் இந்தத் தள்ளுபடியை முழுமையாகப் பெற்றிருக்கின்றன. கடைசியாகச் சேர்ந்தது சோமாலியா, 2023 டிசம்பரில்.

இந்த யோசனையின் மாதிரி உகாண்டாவிலிருந்து வந்தது. உகாண்டா 1997-லேயே தன் சொந்த 'வறுமை ஒழிப்புச் செயல்திட்டத்தை' எழுதிவிட்டது. யாரும் கேட்டு எழுதியதல்ல. நிதி அமைச்சகத்தில் இருந்த உகாண்டா அதிகாரிகளே முன்னின்று செய்தது. கடன் தள்ளுபடியில் மிஞ்சிய பணத்தை வறுமைச் செயல் நிதி என்று பட்ஜெட்டுக்குள்ளேயே தனித் தலைப்பில் வைத்து, தொடக்கக் கல்வி, குடிநீர், ஊரகச் சாலை, சுகாதாரம் என்று செலவிட்டார்கள். 1992-ல் 56 சதவீதமாக இருந்த வறுமை 2000 வாக்கில் 35 சதவீதம் அளவுக்கு வந்தது. காப்பி விலை உயர்ந்ததும் நாட்டின் பெரும்பகுதியில் அமைதி திரும்பியதும் அதற்குப் பெரும் காரணங்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

உகாண்டாவில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது வேறு ஒரு சம்பவம். 1990-களின் தொடக்கத்தில் ஒவ்வொரு மாணவருக்கும் இவ்வளவு என்று கணக்கிட்டு, புத்தகம், சுண்ணக்கட்டி போன்ற செலவுகளுக்காக நடுவண் அரசு தொடக்கப் பள்ளிகளுக்கு ஒரு மானியம் அனுப்பிவந்தது. அனுப்பியதற்கான பதிவுகள் தலைநகர் கம்பாலாவில் பக்காவாக இருந்தன. பட்ஜெட்டைப் படித்த எவரும் கல்விக்குச் செலவு கூடுகிறது என்றுதான் நினைப்பார்கள். ஆனால் பள்ளிகளில் மாற்றம் தெரியவில்லை. அதனால் ஆய்வாளர்கள் 1996-ல் நேரே பள்ளிகளுக்குப் போனார்கள். 250 பள்ளிகளில் தலைமையாசிரியரின் பதிவேட்டை விரித்து, கம்பாலா அனுப்பியதாகச் சொன்ன தொகையோடு ஒப்பிட்டார்கள். 1991 முதல் 1995 வரை பள்ளிக்கு வந்து சேர்ந்தது சராசரியாக 13 சதவீதம். பாதிக்கு மேற்பட்ட பள்ளிகளுக்கு ஒன்றுமே வரவில்லை. இப்படி ஒரு மானியம் தங்களுக்கு உண்டு என்பதே பல பள்ளிகளுக்கும் பெற்றோருக்கும் தெரியாது. பணம் மாவட்ட அலுவலகங்களிலேயே கரைந்து போயிருந்தது.

அரசாங்கம் அடுத்துச் செய்தது எளிமையானது. எந்த மாவட்டத்துக்கு எந்த மாதம் எவ்வளவு அனுப்பினோம் என்பதைச் செய்தித்தாள்களில் போட ஆரம்பித்தது, உள்ளூர் மொழிப் பதிப்புகளிலும். பள்ளிக்கு வந்த தொகையைப் பள்ளிச் சுவரில் எழுதி ஒட்ட வேண்டும் என்று உத்தரவிட்டது. சுவரில் ஒரு தாள், அதில் ஒரு தொகை, வந்த தேதி. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போக வந்த தாய் அதைப் படித்துவிட்டுத் தலைமையாசிரியரைக் கேட்கலாம். தலைமையாசிரியர் செய்தித்தாளைக் கையில் எடுத்துக்கொண்டு மாவட்ட அலுவலகத்தைக் கேட்கலாம். 2001-ல் மறுபடி அளந்தபோது 80 சதவீதத்துக்கு மேல் பள்ளிக்கு வந்துகொண்டிருந்தது. அதே காலத்தில் வேறு நிர்வாகச் சீர்திருத்தங்களும் நடந்தன என்பதால் எல்லாப் பெருமையும் அந்தத் தாளுக்கே சேராது என்று பிற்பாடு சில ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டினார்கள். அது நியாயமான எச்சரிக்கை. ஆனாலும் பணம் நடுவழியில் கரைவதற்கு அதுவரை இருந்த மறைப்பு அந்தத் தாளோடு போய்விட்டது.

மற்ற நாடுகளுக்கு இந்த மாதிரி போய்ச் சேர்ந்த விதம் வருத்தத்துக்குரியது. உகாண்டாவில் உள்ளிருந்து எழுந்தது, மற்ற இடங்களில் தள்ளுபடிக்கான விண்ணப்பப் படிவம் ஆகிவிட்டது. கடன் கழுத்தை நெரிக்கும்போது எந்த நிதியமைச்சரும் சாவகாசமாக ஊர் ஊராகப் போய்க் கருத்துக் கேட்கமாட்டார். அவசர அவசரமாக 'இடைக்கால அறிக்கை' தயாரானது. தலைநகர் ஹோட்டல்களில் கருத்தரங்குகள் நடந்தன. தொண்டு நிறுவனங்களை அழைத்தார்கள், தொழிற்சங்கங்களும் விவசாயிகள் சங்கங்களும் பல இடங்களில் வெளியே நின்றன. நாடாளுமன்றமே கடைசியில்தான் பார்த்தது, சில நாடுகளில் பார்க்கவே இல்லை. பள்ளி வேண்டும், கிணறு வேண்டும், சாலை வேண்டும் என்று மக்கள் எதை வேண்டுமானாலும் சொல்லலாம். பணவீக்க இலக்கு, பற்றாக்குறைக்கு வரம்பு, எதைத் தனியாரிடம் விடுவது என்பவை மட்டும் வேறொரு அறையில், நாணய நிதியத்தின் அதிகாரிகளோடு, முடிவாகிவிடும். எத்தனை ஆசிரியர்களை நியமிக்கலாம் என்பதை அந்த எண்கள்தான் தீர்மானிக்கும். எழுதி முடித்த அறிக்கை மதிப்பீட்டுக்காகத் திரும்ப வாஷிங்டனுக்கே போனது. எந்த மாதிரி எழுதினால் ஒப்புதல் கிடைக்கும் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்ததால், நிலமும் வரலாறும் வேறு வேறான நாடுகளின் அறிக்கைகள் அச்சில் வார்த்தது போல ஒத்திருந்தன.

இருந்தும் இவற்றை வெறும் காகிதம் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. ஜாம்பியாவைப் பாருங்கள். 700 கோடி டாலரைத் தாண்டியிருந்த அதன் வெளிக்கடன், 2005, 2006 தள்ளுபடிகளுக்குப் பிறகு அதில் ஒரு சிறு பகுதியாகச் சுருங்கியது. 2006 ஏப்ரலில் ஊரக மருத்துவ மையங்களில் கட்டணத்தை அரசு நீக்கியது. காய்ச்சலில் துவண்ட குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு பல மைல் நடந்து வரும் தாய், மருத்துவப் பணியாளரைப் பார்ப்பதற்கு முன்னால் காசு கட்டும் மேசையைத் தாண்ட வேண்டியிருந்தது. கையில் காசு இல்லாவிட்டால், குழந்தைக்கு முற்றும் வரை வீட்டிலேயே காத்திருப்பாள். அந்த மேசை போனதும் மையங்களுக்கு வருவோர் எண்ணிக்கை கூடியது. தான்சானியா 2001-லும் கென்யா 2003-லும் தொடக்கப் பள்ளிக் கட்டணத்தை நீக்கின. உகாண்டாவில் 1997-ல் கட்டணம் போன அந்த ஓராண்டிலேயே பள்ளியில் சேர்ந்த பிள்ளைகள் சுமார் 30 லட்சத்திலிருந்து 50 லட்சத்துக்கு மேல் உயர்ந்தார்கள். ஆசிரியரும் வகுப்பறையும் அதே வேகத்தில் கூடவில்லை, கற்பித்தல் தரம் அடிவாங்கியது. ஆனால் அதுவரை வாசல்படியே மிதிக்காத பிள்ளைகள் உள்ளே வந்தார்கள். பெண் பிள்ளைகளுக்கு இது எவ்வளவு பெரிய மாற்றம் என்று சொல்லத் தேவையில்லை.

தன் புத்திப்படி நடந்த நாடுகளில் மலாவியின் கதை எனக்கு மிகவும் பாடம் சொன்னது. 2005-ல் மக்காச்சோள அறுவடை படுமோசம். ஒரு கோடியே முப்பது லட்சம் மக்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோர் உணவு உதவியை எதிர்பார்த்து நின்றார்கள். உர மானியம் சந்தையைக் கெடுக்கும் என்று கொடையாளர்கள் பல ஆண்டுகளாக எதிர்த்துவந்தார்கள். அதிபர் பிங்கு வா முத்தாரிகா அதைத் தள்ளிவைத்துவிட்டு நாட்டின் சொந்தப் பணத்தில் மானியத்தைத் தொடங்கினார். சிறு விவசாயி கையில் கூப்பன். அதைக் கொடுத்தால் 50 கிலோ உர மூட்டை சந்தை விலையில் ஒரு பகுதிக்குக் கிடைக்கும். மழையும் கைகொடுத்தது. 12 லட்சம் டன்னாக இருந்த விளைச்சல் அடுத்த அறுவடையில் 26 லட்சம் டன் ஆனது. எதிர்த்த கொடையாளர்களில் சிலரே பிறகு வந்து சேர்ந்துகொண்டார்கள்.

அதோடு கதையை நிறுத்தினால் நேர்மையாக இருக்காது. உர விலை ஏறிய 2008-09-ல் இந்த ஒரு மானியமே அரசு பட்ஜெட்டில் ஆறில் ஒரு பங்கை விழுங்கியது. கூப்பன்கள் தலைவர்களுக்கு வேண்டியவர்கள் கையில் சிக்கின. பட்டினி குறைந்தது. ஆனால் 2004-05-ல் 52 சதவீதமாக இருந்த வறுமை 2010-11-ல் 51 சதவீதத்தில்தான் நின்றது. சிறு துண்டு நிலத்தில் உரத்தை மட்டும் கொட்டி ஒரு குடும்பம் வறுமையைத் தாண்டிவிட முடியாது. 2013-ல் அரசுக் கருவூலத்திலிருந்தே பணம் சுருட்டிய ஊழல் வெடித்தபோது, கொடையாளர்கள் பட்ஜெட் ஆதரவை, அதாவது அரசு பட்ஜெட்டுக்கு நேரடியாகக் கொடுத்துவந்த பணத்தை, நிறுத்தினார்கள். சொந்தத் திட்டம் என்பதாலேயே அது நல்ல திட்டம் ஆகிவிடாது. கொடையாளரின் கண்காணிப்பு போன இடத்தில் மக்களின் கண்காணிப்பு வராவிட்டால், உள்ளூர் வலியவன் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்வான்.

எத்தியோப்பியாவில் கொடையாளரும் அரசும் உருப்படியாகக் கைகோத்த ஓர் உதாரணம் உண்டு. ஆண்டுதோறும் வறட்சி, ஆண்டுதோறும் உலகத்திடம் அவசர முறையீடு, மாதங்கள் கழித்துக் கப்பலில் தானியம் என்று பல காலம் போனது. தானியம் வந்து சேர்வதற்குள் மாட்டை விற்றிருப்பார்கள், விதையைத் தின்றிருப்பார்கள். சுமார் 1.3 கோடிப் பேரை வாட்டிய 2002-03 வறட்சிக்குப் பிறகு, 2005-ல் உற்பத்திப் பாதுகாப்பு வலைத் திட்டம் தொடங்கியது. எந்தக் குடும்பத்துக்கு ஆண்டுதோறும் சோறு போதாது என்று ஊருக்கே தெரியும். அந்தக் குடும்பங்களை ஊரே தேர்ந்தெடுக்கும். பஞ்ச மாதங்களில் மலைச்சரிவில் வரப்பு கட்டுவது, குளம் வெட்டுவது, பாதை போடுவது என்று வேலை, அதற்குப் பணமோ தானியமோ கூலி. முதியோருக்கும் உடல் முடியாதவர்களுக்கும் வேலையில்லாமலே உதவி. கொடையாளர்கள் ஆளுக்கொரு கொடி நடாமல் ஒரே நிதியில் பணத்தைப் போட்டார்கள், அரசு நடத்தியது. 70, 80 லட்சம் பேர் வரை பயன்பெற்றார்கள். பணம் தாமதமாக வந்த மாதங்கள் உண்டு, 2008-ல் உணவு விலை ஏறியபோது கூலியின் மதிப்பு தேய்ந்துபோனதும் உண்டு. என்றாலும், அடுத்த ஆண்டு இவ்வளவு வரும் என்று ஓர் ஏழைக் குடும்பத்தால் முன்கூட்டியே நம்ப முடிந்தது. மாட்டை விற்காமல் இருக்க அந்த நம்பிக்கை போதும்.

'முடியாது' என்று சொல்லத் தெரிந்த நாடுகளையும் பார்க்க வேண்டும். 1966-ல் சுதந்திரம் பெற்றபோது போட்ஸ்வானா உலகின் மிக ஏழை நாடுகளில் ஒன்று. அரசின் அன்றாடச் செலவுக்கே பிரிட்டன் பணம் கொடுத்தது. ஆனால் எந்த உதவி வந்தாலும் அது தேசிய வளர்ச்சித் திட்டத்துக்குள் பொருந்த வேண்டும் என்பதில் நிதி அமைச்சகம் கறாராக இருந்தது. மருத்துவமனை கட்டித் தருகிறோம் என்று யாராவது வந்தால், கட்டி முடித்தபின் செவிலியர் சம்பளத்துக்கும் மருந்துக்கும் ஆண்டுக்கு எவ்வளவு ஆகும், அது எங்கள் வருமானத்தில் தாங்குமா என்று கேட்டார்கள். தாங்காது என்றால் வேண்டாம் என்றார்கள். 1967-ல் ஒராபாவில் வைரம் கிடைத்தது அதிர்ஷ்டம்தான். வைரமும் எண்ணெயும் கிடைத்து நாசமான நாடுகள் எத்தனையோ உண்டு என்பதால், இந்தக் கேள்வி கேட்கும் பழக்கத்தை நான் வைரத்துக்கு மேலே வைப்பேன். வியட்நாமும் 2002-ல் உலக வங்கி கேட்ட வறுமைக் குறைப்பு அறிக்கையை எழுதிக் கொடுத்தது. ஆனால் நாட்டின் உண்மையான வழிகாட்டி அதன் ஐந்தாண்டுத் திட்டமாகவே இருந்தது. மத்திய வங்கியின் கணக்குகளை வெளியார் தணிக்கை செய்ய வேண்டும் என்று நாணய நிதியம் வற்புறுத்தியபோது, மீதிக் கடனே வேண்டாம் என்று 2004-ல் அந்த ஏற்பாட்டை முடியவிட்டது. அந்தத் தணிக்கை நல்லதா கெட்டதா என்பது வேறு விவாதம். கையில் ஏற்றுமதி வருமானம் இருந்ததால் அப்படிச் சொல்ல முடிந்தது.

கொடையாளர்களும் இதையெல்லாம் அறியாதவர்கள் அல்ல. 2005-ல் பாரிஸ் பிரகடனத்தில் கையெழுத்திட்டு, இனி நாட்டின் திட்டத்தையே பின்பற்றுவோம், நாட்டின் கருவூலம் வழியாகவே பணம் தருவோம், தனித்தனி அறிக்கை கேட்டு வதைக்கமாட்டோம் என்று உறுதி கொடுத்தார்கள். ருவாண்டா இதைப் பிடித்துக்கொண்டு, ஒரு கொடையாளர் மூன்று துறைகளுக்கு மேல் கைவைக்கக் கூடாது என்றே விதித்தது. சில ஆண்டுகள் பட்ஜெட்டுக்கு நேரடி ஆதரவு பெருகியது. பிறகு மலாவி ஊழல். 2016-ல் மொசாம்பிக்கில் நாடாளுமன்றத்துக்குத் தெரியாமல் வாங்கிய கடன்கள் வெளியே வந்தன. தங்கள் வரிப்பணம் எங்கே போனது என்று கொடுத்த நாட்டு மக்கள் கேட்டபோது, அமைச்சர்களால் பதில் சொல்ல முடியவில்லை. பணம் மறுபடி தனித்தனித் திட்டங்களுக்கே திரும்பியது. தனி அலுவலகம், தனி வாகனம், தனிச் சம்பள விகிதம். அரசுப் பணியில் இருந்த நல்ல கணக்காளரும் நல்ல மருத்துவரும் அங்கே போய்விடுவார்கள், அமைச்சகம் இன்னும் பலவீனமாகும். பலவீனமாக இருக்கிறது என்பதையே காரணம் காட்டி, அதன் வழியாகப் பணம் அனுப்ப மறுப்பார்கள்.

இதன் விளைவு 2025-ல் கண்முன் நடந்தது. ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்திவைத்தது, 1961-லிருந்து இயங்கிவந்த அதன் உதவி அமைப்பான யுஎஸ்எய்ட் ஜூலையோடு தனி அமைப்பாக இல்லாமல் போனது. தேசிய வருமானத்தில் 0.7 சதவீதம் என்று சட்டமே போட்ட பிரிட்டன், 2021-ல் அதை 0.5 ஆகக் குறைத்திருந்தது. 2027-க்குள் 0.3 ஆக்கப்போவதாக 2025-ல் அறிவித்தது. பல ஆப்பிரிக்க நாடுகளில் எச்.ஐ.வி. சிகிச்சைக்கான ஊழியர்கள், ஆய்வகங்கள், மருந்து விநியோகம் எல்லாம் நாட்டின் பட்ஜெட்டுக்கு வெளியே இருந்தன. ஊழியர்களுக்குச் சம்பளம் கொடுத்தது வெளிநாட்டு ஒப்பந்தம், அது போனதும் மறுவாரமே மையங்கள் மூடின. பட்ஜெட்டின் 15 சதவீதத்தைச் சுகாதாரத்துக்கு ஒதுக்குவோம் என்று ஆப்பிரிக்கத் தலைவர்கள் 2001-ல் நைஜீரியத் தலைநகர் அபுஜாவில் உறுதி எடுத்தார்கள். பெரும்பாலான நாடுகள் அதைத் தொடவே இல்லை. வெளியிலிருந்து பணம் வந்துகொண்டிருந்தவரை, ஏன் தொடவில்லை என்று அவர்களை யாரும் அழுத்திக் கேட்கவில்லை. திடீரென்று நிறுத்தியதை நான் கொடுமை என்றே சொல்வேன். மாத்திரையை நம்பி உயிர் வாழ்ந்தவருக்கு இந்த வாதங்களால் ஒரு பயனும் இல்லை.

உதவி சுருங்கும் அதே நேரத்தில் கடன் திரும்பி வந்திருக்கிறது. 2023-ல் வளரும் நாடுகள் வெளிக்கடனுக்கு அசலும் வட்டியுமாகக் கட்டியது 1.4 லட்சம் கோடி டாலர். அந்த ஆண்டின் மொத்த உதவியைப்போல் ஆறு மடங்கு. மேலே சொன்ன ஜாம்பியாவே மறுபடி சிக்கியது. தள்ளுபடிக்குப் பிறகு 2012, 2014, 2015 ஆண்டுகளில் பன்னாட்டுச் சந்தையில் 300 கோடி டாலருக்குப் பத்திரங்கள் விற்றது, சீன வங்கிகளிடமும் வாங்கியது. செம்பு விலை சரிந்தது, 2020 நவம்பரில் வட்டி கட்ட முடியாமல் நின்றது. முன்பு கடன் கொடுத்தவர்கள் பெரும்பாலும் மேற்கத்திய அரசுகளும் உலக வங்கியும்தான், ஒரு மாநாட்டில் உட்கார்ந்து தள்ளுபடி செய்ய முடிந்தது. இப்போது சீனா ஒரு பக்கம், பத்திரம் வாங்கிய நிதி நிறுவனங்கள் இன்னொரு பக்கம். 'முதலில் நீ விட்டுக்கொடு' என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்ததில், பத்திரக்காரர்களோடு உடன்பாடு முடியவே 2024 ஆகிவிட்டது. பள்ளிக்கும் மருத்துவத்துக்கும் திட்டமிட வேண்டிய அதிகாரிகள் அத்தனை காலமும் கடன் பேச்சுவார்த்தையிலேயே கிடந்தார்கள்.

ஏதாவது ஒரு நாட்டின் வறுமை ஒழிப்புத் திட்டம் உங்கள் கைக்கு வந்தால், முன்னுரையையும் இலக்குகளையும் தாண்டிவிட்டு, பின்னால் இருக்கும் செலவு அட்டவணையைத் திறந்து பாருங்கள். அதில் உள்ள தலைப்புகள் அந்த நாட்டின் ஆண்டு பட்ஜெட்டிலும் அதே பெயரில் இருக்கின்றனவா? ஒதுக்கிய தொகைக்குப் பக்கத்தில், உண்மையில் செலவான தொகை எங்காவது வெளியாகியிருக்கிறதா? கட்டுவதற்கு யார் பணம் தருகிறார்கள் என்பது தெரியும், பத்து ஆண்டு கழித்து நடத்துவதற்கு யார் தருவார்கள் என்று எழுதியிருக்கிறதா? திட்டம் மக்கள் பேசும் மொழியில் கிடைக்கிறதா, நாடாளுமன்றத்தில் விவாதத்துக்கு வந்ததா? உள்நாட்டு வரி வருமானத்தை எப்படிக் கூட்டப்போகிறார்கள் என்று ஓர் அத்தியாயமாவது உண்டா? கடைசியாக, கம்பாலாவின் பதிவேட்டை மட்டும் பார்த்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காத அந்த 13 சதவீதத்தை நினைத்துக்கொண்டு, பணம் போய்ச் சேர வேண்டிய கடைசிப் பள்ளியில், கடைசி மருத்துவ மையத்தில், எவ்வளவு வந்தது என்று எழுதி ஒட்டியிருக்கிறார்களா என்று விசாரியுங்கள்.